கடைசிப் பந்தி

"அக்கா, இவ்வாண்டு மலருக்கு நீங்கள் ஏதாவது எழுதித் தர வேண்டும்" என்று மொழிக்கழகத் தங்கைகள் கேட்டார்கள். பல்கலைக்கழகத்தை விட்டு வந்து ஏழாண்டுகள் ஆகின்றன. இந்த இடைவெளியில் நான் செய்த பெரிய காரியம் திருமணம்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். காதல் கதையை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். இது சோற்றைப் பற்றிய கதை.

2023 ஜனவரியில் நிச்சயதார்த்தம் முடிந்தது. ஆவணி மாதக் கடைசியில், செப்டம்பரில், கிள்ளானில் திருமணம் என்று முடிவானது. கையில் எட்டு மாதம் இருந்தது. நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்த அன்றே நான் உணவுக் கட்டுப்பாட்டில் இறங்கிவிட்டேன். என் உயரம் 158 செண்டிமீட்டர், எடை 68 கிலோ. உடல் எடைக் குறியீடு 27. ஆசியர்களுக்கு 23ஐத் தொட்டாலே கூடுதல் எடை என்பது கணக்கு.

காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காயும் ஓர் ஆப்பிளும், இரவில் வெறும் சுடுநீர். மூன்று வாரத்தில் நான்கு கிலோ குறைந்தது. நான்காம் வாரம் பள்ளிச் சபைகூடலில் மாணவர்கள் முன்னிலையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். சிற்றுண்டிச் சாலை அக்கா சீனி போட்ட தேநீரைக் கொண்டுவந்து குடிக்க வைத்தார். அந்த வார இறுதியில் ரொட்டி சானாய் கடையில் என் வைராக்கியம் உடைந்தது. போன நான்கு கிலோவும் வழி தவறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

வீட்டில் இன்னொருவரும் கட்டுப்பாட்டில் இருந்தார், பெயரளவுக்கு. அப்பாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 9.2 வந்திருந்தது. மருத்துவர் 7க்குக் கீழே கொண்டுவரச் சொல்லியிருந்தார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பந்தியில் மூவர் அமர்ந்தால் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கிறது என்று பொருள்.

மண்டபம், புடவை, மேளம் எதிலும் அப்பா தலையிடவில்லை. "சாப்பாட்டை மட்டும் என்னிடம் விட்டுடும்மா" என்றார். காலை முகூர்த்தம், அதன்பின் வாழையிலையில் சைவச் சாப்பாடு. அதற்கு ஆள் தேடி இருவரும் புறப்பட்டோம்.

முதலாமவர் இலைச் சாப்பாட்டுக்குப் பரிமாற ஆள் கிடைப்பதில்லை, மேசையில் வைத்துவிடுகிறோம், அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அப்பா பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டார். இரண்டாமவர் தலைக்கு 14 வெள்ளி என்றார். நுணுக்கிக் கேட்டபோது இலை, தண்ணீர், பரிமாறுவோர் கூலி எல்லாம் தனி. கூட்டிப் பார்த்தால் 19 வெள்ளியைத் தாண்டியது. மூன்றாமவர் வயதானவர். எல்லாம் உட்பட 16 வெள்ளி என்றார். பணியாளர்களுக்கு டைபாய்டு தடுப்பூசி போட்டாயிற்றா, உணவு கையாளுவோர் பயிற்சி முடித்தவர்களா என்று கேட்டேன். உணவுச் சுகாதார விதிமுறைகள் 2009இன்படி இவ்விரண்டும் கட்டாயம். அவர் கோபித்துக்கொள்ளாமல் கோப்பை எடுத்து நீட்டினார். தங்கைகளே, தம்பிகளே, நாளை நீங்களும் தேடிப் போகும்போது ருசி பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

அதன்பின் ருசி பார்க்க உட்கார்ந்தோம். நான் சாம்பாரை விரல் நுனியில் தொட்டுப் பார்த்தேன். அப்பா கேசரியை முடித்தார், பாயசத்தை முடித்தார், இரண்டு ஜிலேபி சாப்பிட்டார். மூன்றாவதற்குக் கை போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. "போதும்பா! சின்னப் பிள்ளை மாதிரி செய்யாதீங்க" என்று அந்தப் பெரியவர் முன்னாலேயே கத்திவிட்டேன்.

அப்பா கையை இழுத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, "நீ படத்துக்காகப் பட்டினி கிடக்கிற. நான் என் மகள் கல்யாணச் சாப்பாட்டை ருசி பார்க்கிறேன். ரெண்டுல எதும்மா தப்பு?" என்றார். காரில் இருவரும் பேசவில்லை. வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தபோது அளவு 16.3 காட்டியது. அந்த எண்ணைப் பார்த்து அவரும் பயந்தார், நானும் பயந்தேன்.

மறுநாள் மாலை, "திடல் வரைக்கும் நடந்துட்டு வரலாமா?" என்று அப்பாவே கூப்பிட்டார். பெயர்ப் பட்டியலில் 550 பேர்தான் இருந்தனர். அவரோ 800 பேருக்குச் சமைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். காரணம் கேட்டேன்.

1988இல் கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருடைய திருமணம் நடந்தது. முதல் நாள் இரவு தோட்டமே கூடிக் காய்கறி வெட்டியது. மறுநாள் அழைக்காத பக்கத்துத் தோட்டத்தாரும் அன்போடு வந்துவிட்டனர். கடைசிப் பந்திக்குச் சோறும் ரசமும்தான் மிச்சம். அந்தப் பந்தியில் அமர்ந்தவர்களில் பலர் உச்சிவரை அடுப்படியில் உழைத்தவர்கள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் பாட்டி சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி வருந்தினாராம்.

"அதான்மா, குறையக் கூடாது" என்றார். அவர் ஆசைக்காகச் சாப்பிட்டார் என்று நினைத்திருந்தேன். ஒவ்வோர் உணவும் தரமாக இருக்கிறதா என்ற பதற்றத்திலும் சாப்பிட்டிருக்கிறார். ஆசையும் இருந்தது என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த வாரமே இருவரும் மீண்டும் அந்தப் பெரியவரிடம் போனோம். முன்தினம் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் இலைக்கு நூறு கிராம் அரிசி. 600 பேருக்கு 60 கிலோ. அதற்கு மேல் 10 கிலோ அரிசியும் அதற்கேற்ற பருப்பும் சமைக்காமல் கையிருப்பில் இருக்கும். கூட்டம் கூடினால் அடுப்பில் ஏறும், இல்லையென்றால் மூட்டையோடு திரும்பும். சமைத்த உணவு நான்கு மணி நேரத்துக்குள் இலைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் சோற்றை இரண்டு தடவையாக வடிப்பதாகவும் சொன்னார். அப்பாவின் முகத்தில் இருந்த இறுக்கம் அங்கேதான் தளர்ந்தது. 200 பேர் குறைந்ததில் 3,200 வெள்ளியும் மிச்சமானது.

மூன்று இனிப்பை ஒன்றாக்கினோம். அந்த இடத்தில் கீரைக் கூட்டும் அவரைக்காய்ப் பொரியலும் வந்தன. சுகாதார அமைச்சு சொல்லும் "கால், கால், அரை" முறையை, அதாவது கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், அரைத் தட்டு காய்கறி பழம் என்பதை, வீட்டிலும் கடைப்பிடிக்கத் தொடங்கினோம். நான் மீண்டும் சோறு சாப்பிட்டேன். தினமும் மாலையில் அப்பாவோடு நாற்பது நிமிடம் நடந்தேன். திருமணத்தன்று என் எடை 64 கிலோ. படத்தில் நான் ஒல்லியாக இல்லை. ஆனால் மணவறையில் மயங்கி விழவும் இல்லை. அப்பாவின் அளவு 7.6க்கு இறங்கியிருந்தது.

அன்று நான்கு பந்திகள் நடந்தன. அப்பா ஒவ்வொரு பந்தியிலும் நின்று இலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையிருப்பு மூட்டை பிரிக்கப்படவே இல்லை. கடைசிப் பந்தியில் மேளக்காரர்கள், படம் எடுத்தவர்கள், மண்டபம் கூட்டியவர்கள் அமர்ந்தனர். அவர்களோடு அப்பாவும், நாங்கள் இருவரும் அமர்ந்தோம். முதல் பந்தியில் விழுந்த அத்தனையும் அந்த இலைகளிலும் விழுந்தன. பாயசம் வந்தபோது அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரு விரலைக் காட்டினேன். ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் ஈப்போவில் இருக்கிறேன். மாலை ஆறரைக்கு அப்பா கிள்ளானில் நடக்கத் தொடங்கியதும் அழைப்பார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிவிடுவேன். நாற்பது நிமிடமும் பேச்சு பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும்.