மூன்று சில்லுச் சைக்கிள்

கடந்த விடுமுறையில் வாப்பா, உம்மாவுடன் ஜப்பானுக்குச் சுற்றுலா சென்றேன். டோக்கியோவின் அசகுசா, கியோத்தோவில் பொன் தகடு போர்த்திய கின்ககுஜி என்று வழிகாட்டி காட்டிய இடமெல்லாம் படமெடுத்தேன்.

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் படமெடுக்கக் கை எழவில்லை. கண்ணாடிக்குள் துருப்பிடித்த மூன்று சில்லுச் சைக்கிள். 1945 ஓகஸ்ட் 6, காலை 8.15. அதில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயது மகன் அன்றிரவே இறந்துபோக, தந்தை சைக்கிளையும் அவனுடனேயே வீட்டு முற்றத்தில் புதைத்தாராம். 40 ஆண்டுகளின் பின்பே தோண்டியெடுத்தாராம்.

அன்றிரவு உம்மம்மாவுக்கு அழைப்பெடுத்தேன். பின்னால் தம்பியின் சைக்கிள் மணி கேட்டது. "படிக்க விடுறானில்ல" என்று நான் தினமும் ஏசும் அதே மணி.

"இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லுங்க உம்மம்மா" என்றேன்.