மூன்று கம்பிகள்

ஒரு கெப் வாகனத்தின் அன்டனா எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பது இலக்கியச் சஞ்சிகையில் எழுதக்கூடிய விடயமா என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு கிழமையாக அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பேசப்பேச, அது கம்பியைப் பற்றிய பேச்சல்ல, வாகனத்தில் ஏறுகிற மனிதர்களில் யாருடைய தேவையை நாங்கள் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பற்றிய பேச்சு என்பது விளங்கியது. அதனால் எழுதுகிறேன்.

மச்சானிடம் ஒரு பழைய டபுள் கெப் இருக்கிறது. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் விதைநெல், உரமூட்டை, வேலைக்கு வருகிறவர்கள் என்று எல்லாம் அதில்தான் வட்டைக்குப் போகும். முன்பக்கத்து மட்கார்டில் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் நீளமான கம்பி நின்றது. வீட்டுக்குப் புதிதாகப் போட்டிக்கோ கட்டியபோது அதன் வளை சற்றுத் தாழ்ந்துவிட்டது. வாகனம் உள்ளே வரும்போதெல்லாம் கம்பி உரசும். ஏற்கெனவே உப்புக்காற்றில் அடி துருப்பிடித்திருந்த கம்பி ஒருநாள் முறிந்தே போனது.

கல்முனையில் வாகன உதிரிப்பாகம் விற்கும் நண்பர் ஒருவர் மூன்று கம்பிகளைக் கொடுத்து, “பார்த்துப் போட்டு ஒண்ட எடுங்க சேர், மத்தத திருப்பித் தாங்க” என்றார். ஒன்று பழைய நீளம். இரண்டாவது 40 சென்ரிமீற்றர் இறப்பர்க் கம்பி. மூன்றாவது விரல் நீளமான அலுமினியத் துண்டு. பார்க்க அழகாக இருந்தது. மச்சானுக்கு அதில்தான் விருப்பம்.

“மச்சான், இப்ப ஆரு ரேடியோ கேக்கிறாங்க? எல்லாம் போன்லதானே இரிக்கி” என்றார்.

கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் மாமா. கண்பார்வை மங்கிவிட்டது. பத்திரிகை வாசிக்க முடியாது. கைத்தொலைபேசியில் அழைப்பு வந்தால் எடுப்பார், அவ்வளவுதான். காலையும் மாலையும் கெப்பின் முன் ஆசனத்தில் இருந்து வட்டைக்குப் போய்வரும் நேரம்தான் அவருக்கு உலகத்தோடு உள்ள நேரம். செய்தி, காலநிலை, முஸ்லிம் சேவையின் நிகழ்ச்சி, பிறை எப்.எம் எல்லாம் அந்த ஒரு பெட்டியில்தான். அவருடைய தலைமுறைக்கு வானொலி பொழுதுபோக்கல்ல. 1978 நவம்பரில் சூறாவளி கிழக்கை உலுப்பியதை அனுபவித்தவர். யுத்த காலத்தில் பிபிசி தமிழோசைக்காகக் காத்திருந்தவர். 1941 மே மாதம் தொடங்கிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 ஆம் திகதி நின்றபோது, மையித்து வீட்டில் இருப்பவரைப் போல அன்று முழுதும் பேசாமல் இருந்தார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். மச்சான் கேட்டார்: “ஒங்கட சயன்ஸ் என்ன சொல்லுது?”

கணக்கு எளிது. 300 ஐ மெகாஹேட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீற்றரில் வரும். எப்.எம் ஒலிபரப்பு 88 இலிருந்து 108 வரை. நடுவில் 100 என்று வைத்தால் அலைநீளம் 3 மீற்றர். அதில் காற்பங்கு 75 சென்ரிமீற்றர். வாகனத்தின் இரும்பு உடல் தரையாக நிற்க, காலலை நீளமான கம்பி அந்த அலையை நன்றாக வாங்கும். பழைய கம்பி 80 சென்ரிமீற்றருக்குக் கிட்ட இருந்தது தற்செயலல்ல.

மத்திய அலையின் கதை வேறு. 1000 கிலோஹேட்ஸ் நிலையத்தின் அலைநீளம் 300 மீற்றர், காற்பங்கு 75 மீற்றர். நிந்தவூரில் எந்தத் தென்னையும் அவ்வளவு உயரமில்லை. ஆகவே மத்திய அலைக்கு எந்த வாகனக் கம்பியும் குட்டைதான். குட்டையை இன்னும் குறைத்தால் நட்டம் பெரிது. நீளம் பாதியானால் வானொலிக்குள் போய்ச் சேருவது பாதிக்கும் குறைவாகிவிடும்.

கடையில் விற்கும் குட்டைக் கம்பிகளில் இரண்டு வகை உண்டு. இறப்பர் உறைக்குள் மெல்லிய செப்புக்கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். நீளத்தில் இழந்ததில் ஒரு பங்கை அந்தச் சுருள் ஈடுசெய்யும். மற்றது வெறும் உலோகத் துண்டு. உள்ளே எதுவுமில்லை. வெளியில் இருந்து பார்த்தால் பின்னதுதான் வடிவு.

சொல்லிக் கொடுப்பதைவிடக் காட்டுவது நல்லது என்று, ஒரு வெள்ளி பின்னேரம் மாமாவை முன் ஆசனத்தில் இருத்தி மூவரும் புறப்பட்டோம். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று தெற்கே போனபோது மூன்று கம்பிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிட்ட உள்ள நிலையத்துக்கு விரல் துண்டே போதும். மச்சான் வெற்றிப் புன்னகை பூத்தார். திரும்பி சம்மாந்துறைப் பக்கம் மேற்கே வட்டைக்குள் இறங்கியதும் கதை மாறியது. விரல் துண்டில் கொழும்பு நிலையங்கள் இரைச்சலோடு வந்து வந்து போயின. இறப்பர்க் கம்பியில் அவை நின்றன, ஓரிரு இடத்தில் மட்டும் கரகரத்தன. நீளக் கம்பியில் தெளிவு. மஃரிபுக்குப் பிறகு மத்திய அலைக்கு மாற்றினோம். இரவில்தான் அந்த அலைகள் வானத்தில் பட்டுத் தூரத்துக்கு வரும். நீளக் கம்பியில் தமிழ்நாட்டு நிலையமொன்று மெதுவாகக் கேட்டது. இறப்பரில் அது இரைச்சலுக்குள் அமிழ்ந்தது. விரல் துண்டில் இரைச்சல் மட்டுமே.

ஆகக் குட்டைக் கம்பி எடுத்துவிடுவது அயலூரை அல்ல, தூரத்தை.

அயலூரின் அருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ரமழானில் அதை நாங்கள் அனுபவிக்கிறோம். கொழும்புக்கும் எங்களுக்கும் நெடுங்கோட்டில் ஏறக்குறைய 2 பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். கொழும்பில் சூரியன் மறைவதற்கு சுமார் 8 நிமிடம் முன்னமே இங்கே மறைந்துவிடும். வட்டையிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பு நேரப் பாங்குக்குக் காத்திருந்தால் ஈத்தம்பழம் கையிலேயே இருக்கும். எங்கள் நேரத்தைச் சொல்ல எங்கள் பக்கத்து நிலையம் வேண்டும்.

ஆனால் தூரத்துச் செய்தி தேவைப்படும் நாட்களும் வருகின்றன. 2004 டிசம்பர் 26 காலை கடல் வருமுன் எந்த வானொலியும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத நாட்களில் என்ன நடந்தது, எது வதந்தி என்று அறிய பற்றரியில் இயங்கும் பெட்டிகளைச் சுற்றித்தான் கூடினோம். 2024 நவம்பர் 26 ஆம் திகதி, காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றது. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஜனாஸாவாக மீட்கப்பட்டார்கள். ஒரு கம்பி அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அந்த வீதியால் போகிறவர்கள் நாங்கள். எந்தப் பாதையில் தண்ணீர் ஏறுகிறது என்பது காதில் விழும் வழிகளில் ஒன்றையாவது நாங்களாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கிறேன். கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டால் போன் பேசாது. கெப்பின் பற்றரி இருக்கும்வரை வானொலி பேசும்.

முடிவை மாமாவிடமே விட்டோம். வட்டையோரம் இருட்டில் வாகனத்தை நிறுத்தி, மூன்றையும் திரும்பவும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தோம். மச்சானும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நடு ஒண்டப் போடுங்க” என்றார். “போட்டிக்கோவும் எங்கடதானே, அத ஒடைக்கவா? தூரத்து டேசன் ராவையிலதான் வரும். ராவையில நான் ஊட்டதானே இரிக்கன்.”

மறுநாள் இறப்பர்க் கம்பியைப் பூட்டினோம். அடியிலிருந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புரி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, நீர் இறங்காமல் வோஷரும் போட்டோம். கம்பி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடியில் தொடுப்புச் சரியில்லையென்றால் பயனில்லை. கடலோரத்தில் வாகனம் வைத்திருப்பவர்கள் புதுக்கம்பி வாங்குமுன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விரல் துண்டையும் நீளக் கம்பியையும் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மச்சானே தென்னையில் ஏறினார். வளவில் மின்கம்பி போகாத பக்கத்தில், இரண்டு மரங்களுக்கிடையே 12 மீற்றர் செப்புக்கம்பி இழுத்து, மாமாவின் பழைய வானொலிக்குத் தொடுத்தோம். இடி மின்னல் வந்தால் கழற்றிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இஷாவுக்குப் பிறகு மாமா தாழ்வாரத்தில் சாய்ந்திருந்து முள்ளைத் திருப்புகிறார். சில இரவுகளில் தமிழ்நாடு வருகிறது, சில இரவுகளில் வராது. வந்த அன்று காலையில் கெப்பில் ஏறியதும், மச்சானுக்கு அதைச் சொல்லிக்கொண்டே வருகிறார்.