ஆறு பலகைகள்

வானகரத்தில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை விட்டு அம்பத்தூர்ச் சாலையில் வடக்கே திரும்பினால் அயனம்பாக்கம் வரும். உலகச் சதுரங்க வாகையர் குகேஷ் பயின்ற பள்ளி மேல் அயனம்பாக்கத்தில்தான் உள்ளது. இன்னும் சற்றுத் தொலைவிலுள்ள பாடி, வைசாலியும் அவர் தம்பி பிரக்ஞானந்தாவும் வளர்ந்த ஊர். இச்சாலைகளில் ஓடும் பேருந்துகளில், கைப்பேசித் திரையில் சதுரங்கம் ஆடியபடி செல்லும் மாணவரைக் காண்பது இன்று அரிதன்று.

அம்மாணவரின் எதிராளி பிரேசிலில் இருக்கலாம், கொரட்டூரிலும் இருக்கலாம். தோற்றால் தரப்புள்ளிகள் சில குறையும்; ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த எதிராளி கிடைப்பார். நடுவழியில் இணைய இணைப்பு அறுந்தாலும் தோல்விதான். ஆயினும் அத்தோல்வியைப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கூட அறியமாட்டார். தனியாட்டத்தின் கொடுமையும் அதுவே, ஆறுதலும் அதுவே.

குழுவாக ஆடும்போது இக்கணக்கு மாறிவிடுகிறது. கால்பந்தில் தடுமாறியவரின் பந்தைத் தோழர் ஓடிவந்து காப்பாற்றலாம். சதுரங்கக் குழுவில் அதற்கு இடமில்லை. ஒவ்வொருவரும் தம் பலகையில் தனித்தே போராடுகின்றனர். அருகிலிருக்கும் தோழரிடம் ஒரு நகர்த்தலைக் கேட்பதும் குற்றம். முடிவுகளை மட்டும் ஒன்றாகக் கூட்டுகின்றனர். ஆட்டம் தனியாட்டமாகவே நிகழ, தோல்வி மட்டும் பொதுவாகிறது.

கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020இல், பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு ஒலிம்பியாட் போட்டியை முதன்முறையாக இணையவழியில் நடத்தியது. ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு ஆறு பலகைகள்: ஆடவர் இருவர், மகளிர் இருவர், இருபது வயதுக்குட்பட்ட இளைஞர் ஒருவர், இளம்பெண் ஒருவர். ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம். நகர்த்தலுக்கு 5 நொடி கூடுதல். விதித் குஜராத்தி தலைமையிலான இந்திய அணியில் ஆனந்த், கோனேரு ஹம்பி முதலிய மூத்தோருடன் வைசாலியும் பிரக்ஞானந்தாவும் இடம்பெற்றிருந்தனர். அணி ஒன்று, ஆனால் அரங்கம் ஒன்றன்று.

காலிறுதியில் ஆர்மீனியாவை எதிர்கொண்டபோது, நிஹால் சரினுடன் ஆடிய ஆர்மீனிய வீரரின் இணைப்பு அறுந்தது. ஆட்டம் நிஹாலுக்கு. ஆர்மீனியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. அவ்வணி அடுத்த சுற்றை ஆடாமலே விலகியது. ஆகஸ்டு 30 அன்று ரஷ்யாவுடன் இறுதிப்போட்டி. முதற்சுற்று 3-3 எனச் சமனாயிற்று. இரண்டாம் சுற்றின் நடுவே உலகின் பல பகுதிகளைத் தாக்கிய இணையக் கோளாறு ஒன்று நேர்ந்தது. இம்முறை இணைப்பை இழந்தவர்கள் நிஹாலும் திவ்யா தேஷ்முக்கும். ஒருவருக்கு வயது 16, மற்றவருக்கு 14. திரை உறைந்திருக்க, கடிகாரம் மட்டும் ஓடியது. இருவரும் நேரமின்றித் தோற்றதாகக் கணக்கிடப்பட்டது. ரஷ்யா வென்றதாகவும் அறிவிக்கப்பட்டது.

கைப்பேசியில் ஆடும் மாணவருக்கு இது ஒரு பெருமூச்சோடு முடிந்திருக்கும். அவ்விருவருக்கோ தங்கள் பிழையே இல்லாத ஒன்றால் ஆறு பலகைகளின் கணக்கும் சரிந்தது. இந்தியா முறையிட்டது. கூட்டமைப்பின் தலைவர் அர்காதி துவோர்கோவிச், இரு நாடுகளுக்கும் தங்கம் என முடிவு செய்தார். ஆர்மீனியருக்கு மறுக்கப்பட்டது இந்தியருக்கு எவ்வாறு வழங்கப்பட்டது? ஒருவருடைய இணைப்பு அறுவதும் உலகளாவிய கோளாறும் ஒன்றல்ல என்று விடை கூறலாம். அது சரியான விடைதான். எனினும் ஆர்மீனியரின் மனக்குறையும் பொருளற்றதன்று. தனியாட்டத்தில் இத்தகைய வழக்குகள் இத்துணைத் தொலைவு செல்வதில்லை.

கோளாறு இயந்திரத்தினுடையதாக இருந்தால் முறையிடலாம். கையினுடையதாக இருந்தால்? 2022இல் மாமல்லபுரத்தில், நேருக்குநேர் நடந்த ஒலிம்பியாட்டில், 16 வயது குகேஷ் இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதற்பலகையில் ஆடினார். முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராகவும் வெல்லும் நிலையை அடைந்திருந்தார். ஆட்டம் நீண்டது, நேரம் குறைந்தது, ஒரு தவறான நகர்த்தலில் எல்லாம் கைநழுவின. அவர் சமன் செய்திருந்தாலே அணி 2.5-1.5 என வென்றிருக்கும். பிரக்ஞானந்தா தம் ஆட்டத்தை வென்றதால் போட்டி 2-2 என்றளவில் நின்றது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குச் சென்றது.

மறுநாள் காலையில் கடைசிச் சுற்று. குகேஷ் மீண்டும் அதே முதற்பலகையில் அமர்ந்து ஜெர்மனியின் கெய்மருடன் சமன் செய்தார். அணி 3-1 என வென்று வெண்கலம் பெற்றது. முதற்பலகைக்கான தனிநபர் தங்கமும் குகேஷுக்கே கிடைத்தது. அப்பதக்கம் அன்று அவருக்கு எத்துணை மகிழ்வளித்திருக்கும் என்பது ஐயத்திற்குரியது.

2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் முதலிரு பலகைகளில் ஆட, இந்தியா பொதுப்பிரிவில் தங்கம் வென்றது. வைசாலி இடம்பெற்ற மகளிர் அணிக்கும் தங்கமே. மூன்று மாதங்களுக்குள் குகேஷ் சிங்கப்பூரில் திங் லிரெனுக்கு எதிரே உலகப் பட்டத்திற்காக அமர்ந்தார். பதினான்கு ஆட்டங்கள். எழுந்து சென்று பார்ப்பதற்கு அங்கே வேறொரு பலகை இல்லை.