புதன்கிழமை மலை

பிப்ரவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு யூட்டா பல்கலைக்கழகத்து நிறுத்தத்தில் ட்ராக்ஸ் ரயிலுக்காக நானும் என் மகளும் நின்றுகொண்டிருந்தோம். அவள் தோளில் ஸ்னோபோர்டு, என் கையில் ஃபிளாஸ்க். நியூ ஜெர்சியிலிருந்து விமானம் ஏறி சால்ட் லேக் சிட்டிக்கு வந்தது கல்லூரி பார்க்கத்தான். வகுப்பறை, விடுதி, நூலகம் எல்லாவற்றையும் முந்தின நாளே சுற்றிக் காட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது கல்லூரியிலிருந்து மலைக்குப் போகும் வழி.

காரில் போவதாகத்தான் திட்டம். ஆனால் வாடகைக்கு எடுத்த காரில் சாதா டயர் மாட்டியிருந்தது. புயல் நாளில் காட்டன்வுட் பள்ளத்தாக்குச் சாலைகளில் ஏற வேண்டுமென்றால் பனி டயரோ நான்கு சக்கர இயக்கமோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிவாரத்திலேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். முன்பதிவின்போது கேட்டேன், தருகிறோம் என்றார்கள், தரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மகள்தான் சமாதானம் சொன்னாள். "விடும்மா. இங்க படிக்க வந்தா எனக்குக் கார் இருக்காதுல்ல? பஸ்லயே போய்ப் பார்த்துடலாம்."

அந்த ஒரு பேச்சில் எங்கள் பயணத்தின் கேள்வி தெளிவாகிவிட்டது.

அவளுக்குப் பதினொரு வயதில் பள்ளியிலிருந்து ஒரு நாள் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போனார்கள். உள்ளங்கையில் சிராய்ப்போடும் முகம் கொள்ளாத சிரிப்போடும் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குளிர்காலம் அவள் கையில். பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரிப் பட்டியல் போடும்போது இரண்டே நிபந்தனை வைத்தாள்: சிவில் இன்ஜினியரிங் நன்றாக இருக்க வேண்டும், மலை பக்கத்தில் இருக்க வேண்டும். தென்காசியில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, படிக்கப் போற பிள்ளைக்கு மலை எதுக்கு?" என்றாள்.

அம்மாவுக்கு அப்போது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் டிசம்பர் வந்தால் மாலை நாலரை, ஐந்துக்கே இருட்டிவிடும். வீட்டை விட்டு முதன்முதலாக வந்த பிள்ளைகள் அறைக்குள் முடங்கி, சாப்பாட்டைக் குறைத்து, தூங்கியே கழிப்பதை எங்கள் நண்பர்கள் வீடுகளில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெளியே ஓடுவதற்கு ஒரு காரணம் இருக்கிற பிள்ளை கொடுத்து வைத்த பிள்ளை. படிப்புக்கு எதிரி என்று நான் மலையை எண்ணவில்லை. நாலு குளிர்காலத்துக்கு அது துணை.

கல்லூரிப் பட்டியல்கள் எல்லாம் மைல் கணக்குச் சொல்லும். பத்து மைலில் ஒரு மலை, முப்பது மைலில் நாலு மலை என்று. அந்தக் கணக்கை நம்பித்தான் ஜனவரியில் முதலில் வெர்மான்ட்டுக்குக் காரோட்டிக்கொண்டு போனோம்.

பர்லிங்டன், ஷாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் அழகான சின்ன ஊர். வெர்மான்ட் பல்கலைக்கழகம் அங்கே 1791-இல் தொடங்கியது. ஸ்னோபோர்டு பிடித்த பிள்ளைக்கு அந்த ஊர் புண்ணியத் தலம் மாதிரி. 1977-இல் ஜேக் பர்ட்டன் கார்பென்டர் வெர்மான்ட்டில்தான் பலகைகள் செய்து விற்க ஆரம்பித்தார். அந்தப் பர்ட்டன் நிறுவனத்தின் தலைமையகம் இப்போது பர்லிங்டனில் இருக்கிறது. என் மகள் அதன் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். பல்கலைக்கழகத்தின் ஸ்கீ-ஸ்னோபோர்டு சங்கம் மாணவர்களே நடத்துவது, மிகப் பெரியது. போல்ட்டன் வேலியில் இரவு விளக்கு வெளிச்சத்திலும் சறுக்கலாம். ஸ்டோ மலையும் எட்டும் தூரம்தான்.

நாங்கள் போன மறுநாள் மழை பெய்தது. ஜனவரி மழை. அன்று இரவே அது உறைந்து, மலை முழுக்கக் கண்ணாடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. பலகையின் விளிம்பு பனியில் கிழிக்கும் சத்தம், சட்டியில் கரண்டியை இழுப்பது போல் இருந்தது. கிழக்குப் பக்கத்து மலைகளுக்கு இது வழக்கம். அங்கே பழகியவர்களின் கால் எங்கே போனாலும் நிற்கும் என்பார்கள், அது உண்மைதான். மகளும் சளைக்காமல் சறுக்கினாள். ஆனால் லிஃப்டில் வரும்போது பேச்சே இல்லை.

திரும்பும் வழியில் மிடில்பரி கல்லூரியையும் பார்த்தோம். கல்லூரிக்குச் சொந்தமாகவே ஸ்னோ போல் என்ற மலை இருக்கிறது. அங்கே பிப்ரவரியில் படிப்பை முடிக்கும் ஒரு பிரிவு உண்டு. பட்டமளிப்பு நாளில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவர்கள் அந்த மலையிலிருந்து சறுக்கி இறங்குவார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் டார்ட்மத் கல்லூரிக்கும் சொந்த ஸ்கீ மலை இருக்கிறது, 1909-இலேயே மாணவர்கள் மலையேற்றச் சங்கம் தொடங்கிய இடம் அது. இந்த இரண்டிலும் கேட்பவர்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிடாது. சிவில் இன்ஜினியரிங்குக்கு மிடில்பரி பொருந்தவும் பொருந்தாது. அங்கியோடு சறுக்கும் காட்சி மட்டும் மகளின் மனதில் தங்கிவிட்டது.

மறுபடி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். ட்ராக்ஸ் ரயிலில் சிவப்புத் தடத்தில் ஏறி, நடுவில் நீலத் தடத்துக்கு மாறி, மிட்வேல் பக்கம் இறங்கி, அங்கிருந்து ஸ்கீ பஸ். மாணவர் அட்டை இருந்தால் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அதுவே பயணச் சீட்டு என்று முந்தின நாள் சுற்றிக் காட்டிய மாணவி சொல்லியிருந்தாள். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். தரையெல்லாம் பூட்ஸிலிருந்து உருகிய தண்ணீர், நனைந்த கம்பளி வாசனை. என் எதிரே ஒரு பையன் ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் நோட்டை விரித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் தலை நரைத்த இரண்டு பெண்கள். எழுபது வயதுக்குக் குறையாது. இருவரும் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

பள்ளத்தாக்குகள் இரண்டு. சின்ன காட்டன்வுட்டில் ஆல்ட்டாவும் ஸ்னோபேர்டும். பெரிய காட்டன்வுட்டில் சாலிட்யூடும் பிரைட்டனும். இதில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. ஆல்ட்டாவில் ஸ்னோபோர்டுக்கு அனுமதி கிடையாது, ஸ்கீ மட்டும்தான். அமெரிக்காவில் இன்று இப்படித் தடை வைத்திருப்பவை மூன்றே மலைகள்: யூட்டாவில் ஆல்ட்டா, டியர் வேலி, வெர்மான்ட்டில் மேட் ரிவர் க்ளென். ஆல்ட்டாவின் தடையை எதிர்த்து ஸ்னோபோர்டுக்காரர்கள் 2014-இல் வழக்கே போட்டார்கள். கீழ் நீதிமன்றத்திலும் தோற்றார்கள், 2016-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். ஆக, உங்கள் பிள்ளை ஸ்கீயா ஸ்னோபோர்டா என்பதைப் பார்க்காமல் 'பக்கத்தில் ஆல்ட்டா இருக்கிறது' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. நாங்கள் பிரைட்டனுக்குப் போனோம். 1936-இலிருந்து இருக்கும் மலை. ஸ்னோபோர்டுக்காரர்களின் செல்ல மலை.

கல்லூரி வாசலிலிருந்து பிரைட்டன் போய் இறங்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. காரில் போனால் முக்கால் மணி நேரம் என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். கார் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கணக்கு உதவாது. போக இரண்டு, வர இரண்டு, நடுவே நாலு மணி நேரம் சறுக்கல் என்றால் வாரத்தில் ஒரு முழு நாளே வேண்டும். மகள் இதை பஸ்ஸிலேயே கணக்குப் பண்ணிவிட்டாள். "புதன்கிழமை வகுப்பே இல்லாத மாதிரி அட்டவணை போட்டா முடியும்மா. மத்த நாலு நாளும் கெட்டியா படிச்சாகணும்." அவள் வாயிலிருந்தே அந்தப் பேச்சு வந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

பிரைட்டனில் அடிவாரமே 8,700 அடிக்கு மேல். ஊட்டியைவிட ஆயிரம் அடிக்கும் கூடுதல். இறங்கியதும் நாலு அடி வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. பனி பெய்துகொண்டிருந்தது. மகள் தன் கறுப்புக் கையுறையை நீட்டி, "இங்க பாரும்மா" என்றாள். கையுறையின் மேல் ஒரு பனித்துகள் முழுசாக நின்றது. ஆறு கை. ஒவ்வொரு கையிலும் பெரணி இலை மாதிரி சின்னச் சின்னக் கிளைகள். மெதுவாக ஊதினாள், மாவு மாதிரிப் பறந்து போனது. வெர்மான்ட்டில் நான் பார்த்த பனி உருண்டை பிடிக்க வரும். இது கையில் நிற்கவே இல்லை.

ஏன் இப்படி என்று தென்காசிக்காரிக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் தென்மேற்குக் காற்று மலையில் ஏறித்தான் குற்றாலத்துக்குச் சாரல் தருகிறது. இங்கே பசிபிக் கடலிலிருந்து கிளம்பும் புயல், சியரா நெவாடா மலைகளில் ஈரத்தின் ஒரு பங்கை இறக்கிவிட்டு, நெவாடாவின் வறண்ட நிலத்தைக் கடந்து, வாசாட்ச் மலையில் மோதி மேலே ஏறுகிறது. அந்த உயரத்துக் குளிரில் விழுவது நீர்ச்சத்துக் குறைந்த பொடிப் பனி. ஆல்ட்டாவில் ஒரு பருவத்துக்குச் சராசரி 500 அங்குலத்துக்கு மேல். சால்ட் லேக் சிட்டியை அடுத்த பெரிய உப்பு ஏரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இந்த ஊரில் சொல்கிறார்கள். ஏரியின் பங்கு சிறியதுதான் என்று எழுதியவர் இதே பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியல் பேராசிரியர் ஜிம் ஸ்டீன்பர்க், இந்தப் பனியைப் பற்றி முழுப் புத்தகமே போட்டிருக்கிறார். பனியை இவ்வளவு அக்கறையாகப் படிக்கும் இடத்தில் என் மகளுக்கு இடம் கிடைத்தால் நல்லது என்று அன்று தோன்றியது.

லிஃப்டடியில் முன்காலை மட்டும் பட்டையில் பூட்டிக்கொண்டு, பின்காலால் உந்தி உந்தி வரிசையில் நகர்ந்தாள். பட்டையின் பற்கள் டிக் டிக் என்று இறுகும் சத்தம் கேட்டது. பிறகு நாலு மணி நேரம் அவளை நான் அதிகம் பார்க்கவில்லை. ஒருமுறை மட்டும் மரங்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து, என்னைப் பார்த்துக் கையை வீசிவிட்டுப் போனாள். பலகையிலிருந்து சத்தமே இல்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மாலை பஸ் இறங்கும்போது பள்ளத்தாக்கின் வாயில் வரை வானம் தெளிந்துவிட்டிருந்தது. கீழே நகரத்தின் மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு மூடி. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று அந்தக் கிண்ணம் போன்ற சமவெளியில் தேங்கிவிட, வண்டிப் புகையும் மற்றதும் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். புயல் வந்து கலைத்தால்தான் உண்டு. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் இந்த ஊரை ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். பனிச்சரிவு அபாயம் இன்னொன்று. சின்ன காட்டன்வுட் சாலையை அதற்காகவே அடிக்கடி மூடுவார்கள். ஆல்ட்டாவில் சில நாள் கட்டடத்தை விட்டு வெளியே வரவே கூடாது என்று உத்தரவு போடுவதும் உண்டு. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே போக மாட்டேன், தனியாக மரங்களுக்குள் இறங்க மாட்டேன் என்று மகளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

பணமும் ஒரு விஷயம். யூட்டாவின் பார்க் சிட்டி போன்ற பெரிய ஸ்கீ இடங்களில் ஒரு நாள் டிக்கெட்டே 200 டாலரைத் தாண்டும். கல்லூரி மாணவர்களுக்கான பருவச் சீட்டைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே வாங்கிவிட்டால் நாலைந்து நாளிலேயே போட்ட பணம் தேறிவிடும். நீங்கள் மேற்கு மாநிலங்களில் குடியிருப்பவர் என்றால், பக்கத்து மேற்கு மாநிலக் கல்லூரிகள் பலவற்றில் உள்ளூர்க் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்காத ஏற்பாடு இருக்கிறது. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு அது இல்லை.

போக நினைத்துப் போகாத ஊர் ஒன்றும் உண்டு. மொன்டானாவில் போஸ்மன். மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிட்ஜர் போல் சுமார் 16 மைல். அந்த மலையில் புதுப் பனி விழுந்தால் ஊர் நடுவில் பாக்ஸ்டர் ஹோட்டல் உச்சியில் ஒரு நீல விளக்கு மின்னும். ஊரே பார்த்துத் தெரிந்துகொள்ளும். மகள் அந்த விளக்கைப் பற்றி இன்னமும் பேசுகிறாள்.

அவளுக்கு வெர்மான்ட்டிலும் யூட்டாவிலும் இடம் கிடைத்தது. யூட்டாவைத் தேர்ந்தெடுத்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தென்காசிக்குப் போன் போட்டு ஆச்சியிடம் அவளே சொன்னாள்.

பிள்ளையோடு இப்படிக் கல்லூரி தேடும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதால், பலரும் ஏப்ரலில்தான் நேரில் பார்க்கப் போகிறார்கள். அப்போது புல் துளிர்த்திருக்கும், வளாகம் அழகாக இருக்கும், பல மலைகளில் பருவமே முடிந்திருக்கும். தயவுசெய்து பிப்ரவரியில் போங்கள். வார நாளில், கார் எடுக்காமல், பிள்ளையோடு பஸ் ஏறி மலை வரை போய்த் திரும்புங்கள்.