தொண்டைக்குழியும் நாச்சிமுத்துவும்

ஒரு விரலை எடுத்து, இரண்டு காறையெலும்பும் கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட சந்திக்க வருகிற இடத்தில் வையுங்கள். நெஞ்செலும்பின் மேல் விளிம்பில் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறதா? அதற்கு லத்தீனில் 'இன்சிசூரா ஜுகுலாரிஸ்' என்று பெயர். கேட்டாலே ஆபரேஷன் தியேட்டர் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்குகிறது இல்லையா? நம்ம ஊரில் அதுக்குப் பேர் தொண்டைக்குழி. பயமே இல்லை! ('உசுரு தொண்டைக்குழியில நிக்குது' என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் பயம்.)

'இன்சிசூரா' என்றால் வெட்டு. அவ்வளவுதான் சார். முன்பல்லை இன்சிசர் என்கிறார்களே, ஸ்கூலில் வெட்டுப்பல் என்று படித்தோமே, அதே வேர். தச்சர் உளியால் ஒரு கொத்து கொத்தின மாதிரி விளிம்பில் எங்கே பள்ளம் இருந்தாலும் அது லத்தீனில் இன்சிசூரா, இங்கிலீஷில் நாட்ச்.

நான் டாக்டர் இல்லை; ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். இந்த ஞானமெல்லாம் எனக்கு வந்தது எங்க பெரியப்பா மகன் அண்ணனால். ஈரோடு மஞ்சள் மண்டியில் இருபத்தைந்து வருஷமாக மூட்டை தூக்குகிறவர். அவருக்கு வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு மந்தமான வலி. கையை வெளிப்பக்கமாகத் திருப்பினால் பலமே இல்லை. தைலம் தேய்த்தார், ஒத்தடம் கொடுத்தார், கடைசியில் ஸ்கேன் எடுத்தார்.

ரிப்போர்ட் வந்த சாயங்காலம் வீடு முழுக்க சொந்தக்காரர்கள். காலேஜ் படிக்கிற அண்ணன் மகன்தான் வாசித்தான். 'ஸ்பைனோகிளினாய்டு நாட்ச்'சில் ஒரு 'சிஸ்ட்'.

எங்க அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். "யாருடா அந்த நாச்சிமுத்து?" என்றார்.

"நாச்சிமுத்து இல்லீங் ஆத்தா, நாட்ச்!"

"அதேன் கேக்கறேன். அவன் எதுக்கு இவன் தோள்ல வந்து குந்தியிருக்கறான்?"

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணியைத் தவிர. அண்ணி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, மெதுவாக, "சிஸ்ட்டுன்னா கட்டிதானுங்களே... அந்த நோயிங்களா?" என்றார். நோயின் பெயரை வாயால் சொல்லவில்லை. அண்ணனுக்கோ வேறு கணக்கு. "கை போச்சுன்னா மண்டியில நமக்கு என்னடா வேலை?" என்று ராத்திரி முழுக்க அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொண்டிருந்தார்.

மறுநாள் பெருந்துறை ரோட்டில் ஒரு எலும்பு டாக்டர். சின்ன வயசுதான். ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்னால், "சட்டையைக் கழட்டுங்ண்ணா" என்றார். வலது தோள்பட்டை எலும்பின் பின்புறம், இடதைவிடக் குழிந்து போயிருந்தது. இத்தனை நாள் நாங்கள் யாரும் கவனிக்காத குழி! பிறகு மேஜை டிராயரிலிருந்து பிளாஸ்டிக் எலும்பு ஒன்றை எடுத்தார்.

"ஏனுங்ண்ணா, கவலை ஓட்டின கிணறு பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்னுங்க. எங்க அப்பாரு ஓட்டினதுதானுங்களே."

"கயிறு ஓடி ஓடிக் கிணத்துக்கல்லு தேஞ்சு ஒரு பள்ளம் விழுந்திருக்குமல்லோ? அதே மாதிரி இந்த எலும்புல ஒரு வெட்டு இருக்குது. இது பொறக்கறப்பவே இருக்கறது. அதுலதான் கயிறாட்டம் ஒரு நரம்பு போகுது. கயிறு போற பாதையில ஒரு நீர்க்கட்டி உக்காந்து அமுக்குது. அமுக்கின நரம்பு அந்தச் சதைக்குத் தாக்கல் சொல்ல முடியாததால சதை சூம்பிப் போச்சு. நீங்க பயப்படற நோவு இல்லீங்."

அண்ணியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்கேன் படம் சொல்லாததைக் கவலைக் கிணறு சொல்லிவிட்டது. (மற்ற ஜில்லாக்காரர்கள் இதைக் கமலை என்பார்கள். எங்களுக்குக் கவலைதான்; இறைத்தால் தீர்ந்துவிடும்.)

அன்றிலிருந்து எனக்கு இந்த வெட்டுகளின் மேல் ஒரு கிறுக்கு. முழங்கையில் ஒரு வெட்டு இருக்கிறது, 'இன்சிசூரா ட்ரோக்ளியாரிஸ்'. ட்ரோக்ளியா என்றால் என்ன தெரியுமா? கிணற்றுக் கப்பி! ரோமாபுரிக்காரனும் கிணற்றைத்தான் நினைத்திருக்கிறான். காறையெலும்புக்கு அவன் வைத்த பெயர் 'க்ளாவிகுலா', சின்னச் சாவி. நாம் கழுத்தில் போடுகிற காறையைப் பார்த்தோம். என்னைக் கேட்டால் நம்முடையதுதான் அழகு.

புருவ எலும்பின் கீழ்விளிம்பை மூக்குப் பக்கத்திலிருந்து தடவிக்கொண்டே போனால் இன்னொரு வெட்டு. சிலருக்கு அது வெட்டாக இல்லாமல் முழு ஓட்டையாகவே இருக்கும். நினைவில்லாமல் கிடப்பவருக்கு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் கட்டைவிரலால் அழுத்துவது இங்கேதான். இடது நுரையீரலிலும் ஒரு வெட்டு உண்டு. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரத்துக்காரர் ஒடுங்கி உட்கார்ந்து இடம் விடுவாரே, அப்படி இதயத்துக்கு விட்ட இடம். இடுப்பெலும்பில் இருக்கிற பெரிய வெட்டு பெண்களுக்கு அகலம், ஆண்களுக்குக் குறுகல். எலும்புக்கூடு ஆணா பெண்ணா என்று போலீஸ் கேட்டால் தடயவியல் டாக்டர்கள் பார்க்கிற அடையாளங்களில் அதுவும் ஒன்று.

லத்தீன் மட்டும் ஒழுங்காக இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒரே எலும்புக்கு ஊருக்கு ஒரு பெயர், புரொபசருக்கு ஒரு பெயர். சுமார் 5,000 உறுப்புகளுக்கு 50,000 பெயர்கள் சேர்ந்து போய், 1895-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் உட்கார்ந்து களையெடுத்தார்கள்.

"இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சேதி. பாசெலுக்கு முன்னாலேயே சொல்லிப் பார்த்தாயிற்று. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்று ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, 1864-லிருந்து மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்றுக்கொடுத்தார். லண்டனில் 1858-ல் வெளிவந்த கிரே எழுதிய உடற்கூறு புத்தகம், 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது. பதினாலே வருஷம்! நம்ம ஊர் டாக்டர் கிரீனைப் படித்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் இருவரும் செய்தது ஒரே வேலை.

அண்ணனுக்கு முதலில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். திரும்ப நிறைந்தது. பிறகு துளை போட்டு ஆபரேஷன். மூட்டுக்குள் ஒரு கிழிசல் இருந்து, அது வழியாகத்தான் நீர் கசிந்து கட்டியாகியிருக்கிறது, அதையும் தைத்தார்கள். பலம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. சதை இன்னும் பூராவும் நிரம்பவில்லை. மூட்டை தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால், இப்போது அதே மண்டியில் எடை பார்க்கிற வேலை. கூலியும் கொஞ்சம் குறைச்சல்தான். அண்ணிக்கு அதில் வருத்தமில்லை, அண்ணனுக்கு உண்டு.

போன வாரம் மண்டிப் பக்கம் போயிருந்தேன். மூட்டை தூக்குகிற பையன் ஒருவன் டீ கிளாஸை இடது கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு, "தோளு வலிக்குதுங்ண்ணா" என்றான். அண்ணன் எடை நோட்டைக் கீழே வைத்தார்.

"சட்டையைக் கழட்டுடா. திரும்பி நில்லு."