வீட்டில் துளைத்த முன்தகடு

மாடுலர் சிந்தசைசருக்கு முன்தகடு செய்ய நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களில் வகுத்த யூரோராக் அளவு: உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலத்தின் அலகான ஹெச்பி எட்டு என்றால் 40.3. கணக்குப்படி 40.64 வரும், பக்கத்துத் தகடு இடிக்காமலிருக்க அந்த மயிரிழையை விட்டிருக்கிறார்கள்.

2 மில்லிமீட்டர் அலுமினியத்தில் வரைபடத்தை ஒட்டி, சென்டர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தட்டு. இல்லாவிட்டால் டிரில் பிட் வழுக்கி ஓடும். முதலில் 3 மில்லிமீட்டர் துளை, பிறகு ஜாக்குக்கு 6. இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் சீவல் சுருள்சுருளாக வரும். பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது.

கடைத் தகடு இதைவிட அழகுதான். ஆனால் ஃபில்டர் குமிழைச் சுற்றி என் விரல்கள் தாராளமாகப் புழங்க இடம் விட்டது நான்.

காலையில் நட்டுகளை இறுக்கி ஒயரைச் செருகினேன். அறை முழுக்கத் தாழ்ந்த ரீங்காரம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.