கால் வைக்கும் பலகை

ஒரு காரைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஒனக்கும் காருக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டுக்கு முதல் சைக்கிள் வந்ததே அப்பாவுக்குக் கல்யாணம் ஆன பிறகு. ஆனால் நான் எழுத வந்தது காரைப் பற்றி அல்ல. அந்தக் காரின் தரையைப் பற்றி. அந்தத் தரையோடு எங்கள் குடும்பத்துக்கு அறுபது வருஷத்துச் சம்பந்தம் இருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் ரோட்டோரம் என் சித்தப்பாவுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. லாரிக்குப் பலகை அடிப்பது, மினி வண்டிகளுக்கு பாடி கட்டுவதுதான் தொழில். அங்கே போன மாசி மாசம் ஒரு கார் வந்து இறங்கியது. ஓடி வரவில்லை. மினி லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிக் கொண்டுவந்தார்கள். எம்.ஜி. கம்பெனியின் டி.டி. மாடல். இரண்டே பேர் உட்காரும், மேலே திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1949 முதல் 1953 வரை செய்தார்கள். மொத்தம் 29,000 கார்களுக்கு மேல். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. மீதியில் ஒன்று எங்கள் ஊர்ப் பண்ணைவீட்டுக்கு வந்திருந்தது.

அந்தப் பண்ணைவீட்டில்தான் என் தாத்தா பண்ணையாளாக இருந்தார். காரை வாங்கியவரின் பேரன் இப்போது அதைச் சரிசெய்து பழைய கார் கண்காட்சியில் நிறுத்த ஆசைப்படுகிறார். எஞ்சின் வேலைக்கு வேறு மெக்கானிக். மரவேலை மட்டும் சித்தப்பாவுக்கு.

"அந்த வீட்டு வேலையவா சித்தப்பா எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வேலைக்கு ஏதுடா வீடு? மரம் அழுகிருக்கு, மாத்தணும். அவ்வளவுதான்" என்றார்.

அந்தக் காரை வெளியே பார்த்தால் எல்லாம் இரும்பு போலத் தெரியும். உள்ளே மரம். ஆஷ் என்கிற சீமை மரத்தில் சட்டம் கட்டி அதன் மேல் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். அடியில் இரும்பு சேஸிஸ். அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கிய மரப்பலகை. அதன் மேல் கார்ப்பெட். மழைத் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் இறங்கினால் வெளியே தெரியாது. உள்ளேயே நின்று பலகையைத் தின்னும். சித்தப்பா கார்ப்பெட்டை உரித்துவிட்டு விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. "பாத்தியா, மேல மெத்தை, கீழ புழுதி" என்றார்.

சித்தப்பாவின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினாலு வயசில் திண்டுக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தார். டீ வாங்கி வருவது, இழைச்ச சுருளைக் கூட்டி அள்ளுவது, பலகையின் மறுமுனையைப் பிடிப்பது, இதுதான் வேலை. உளியையும் இழைப்புளியையும் தொடக் கூடாது. தொட்டால் கொட்டாப்புளியால் முட்டியில் விழும். வாளின் ஒரு முனை ஆசாரி கையில் இருக்கும், இன்னொரு முனை சித்தப்பா கையில் இருக்கும். ஆனாலும் மரத்தை அறுத்தது ஆசாரி. கழிவுக் கட்டைகளை வீட்டுக்குத் தூக்கி வந்து, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் பார்த்ததையெல்லாம் செய்து பார்த்தாராம். இப்படியே பன்னிரண்டு வருஷம். இன்று அவர் போடும் மூட்டுக்கு ஆணி தேவையில்லை. ஆனாலும் யாரும் அவரை ஆசாரி என்று கூப்பிடுவது இல்லை. "பாடி கட்டுற ஆளு" என்பார்கள். தொழில் தெரிந்தாலும் தொழிலின் பேர் எங்களுக்குக் கிடையாது. அந்தப் பேர் சாதிக்குச் சொந்தம்.

வேலையின் முதல் நாளே தகராறு வந்தது. பேரன் தேக்குப் பலகைதான் போட வேண்டும் என்றார். சித்தப்பா, "இல்லீங்க சார், இதுக்கு ஒரிஜினலே ப்ளைவுட்தான்" என்றார். அவர் நம்பவில்லை. சீமையில் செய்த கார், அதுவும் அவர் வீட்டுக் கார், அதன் அடியில் ப்ளைவுட்டா? சேரியிலிருந்து வந்த ஒரு ஆள் இதைச் சொல்வதா? செல்போனை எடுத்துத் தேடிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, ப்ளைவுட்னுதான் போட்டிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சித்தப்பாவுக்கு அது செல்போன் பார்த்துத் தெரியவில்லை. பலகையின் ஓரத்தைப் பார்த்துத் தெரிந்தது. பிரிந்துபோன அடுக்குகள் அங்கே நெல்லுப் பதர் மாதிரி நின்றன. "தேக்கு நல்ல மரந்தான். ஆனா இம்புட்டு அகலத்துக்கு ஒத்தப் பலகையா போட்டா வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு உப்பும், ரேகைபாட்டுக்குப் பிளந்துரும். ப்ளைவுட்டுல ஒரு அடுக்கு நெடுக்க, அடுத்த அடுக்கு குறுக்க. ஒன்ன ஒன்னு விடாது" என்று எனக்கு விளக்கினார்.

மரைன் ப்ளை வாங்கினோம். ஐ.எஸ். 710 என்று முத்திரை போட்டிருக்கும். 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தாலும் பசை விடக் கூடாது என்பது அதற்குச் சோதனை. சனி ஞாயிறுகளில் நான் கூடமாட நின்றேன். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டோம். அப்படியும் அசையாததை ஹாக்சா பிளேடால் அறுத்தோம். பக்கத்தில் மரச்சட்டம் இருப்பதால் நெருப்புக் காட்ட முடியாது. பழைய பலகையை உடையாமல் எடுத்து அதை வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். ஓரம் உதிர்ந்துபோன இடங்களில் அட்டையை வெட்டி, பொருத்திப் பார்த்து, மறுபடி வெட்டி அச்சு எடுத்தார். எண்ணெய் குடித்து அழுகாமல் இருந்த ஒரு மூலையில் பலகையின் கனத்தை அளந்தார். பெடல் வருகிற ஓட்டையில் ஒரு நூல் அளவு தப்பினாலும் பிரேக் உரசும். அறுத்த பிறகு ஓரங்களுக்கு மூன்று தடவை பெயிண்ட். "தண்ணி நடுவுல எறங்காது, ஓரத்துலதான் எறங்கும்" என்றார். அடியில் தார் பெயிண்ட். சேஸிஸில் பலகை உட்காரும் இடத்தில் கம்பளிப் பட்டை. இல்லையென்றால் இரும்பும் மரமும் உரசிக் கத்தும்.

இடது பக்கப் பலகையைக் கழற்றிய அன்று சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பத்தாதான் சொன்னது.

1960-களின் தொடக்கம். பெரிய பண்ணை கொடைக்கானலுக்குக் காரில் போகக் கிளம்பியிருக்கிறார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது வண்டி நின்றுவிட்டால் தள்ள ஒரு ஆள் வேண்டும். தாத்தாவைக் கூப்பிட்டார். இரண்டு பேர் உட்காரும் காரில் ஒரு சீட் காலி. ஆனால் தாத்தா அதில் எப்படி உட்கார முடியும்?

"மெத்தைய எடுத்துப் பின்னால போட்டுட்டாராம்டா. 'இதுல உக்காரு'ன்னு பலகையக் காட்டுனாராம். ஒங்க தாத்தன் குத்தவச்சு உக்காந்து போயிருக்காரு. அடியில சூடு. ரெண்டு எடத்துல எறங்கித் தள்ளிருக்காரு. திரும்பி வந்தப்ப ஊரே கேட்டுச்சு, 'கார்லயா போன, கார்லயா போன'ன்னு. அவரு வாயத் தொறக்கல. எங்கிட்ட மட்டும் ராத்திரி சொன்னாரு. பொறத்தி சொன்னதே இல்ல."

அந்தப் பலகையை அறுபது வருஷத்தில் யாரும் மாற்றவில்லை. நான் கையில் பிடித்திருந்தது அதைத்தான்.

வண்டியில் ஏறுவது என்பது எங்களுக்கு எப்போதும் வெறும் பயணமாக இருந்ததில்லை. 1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுத்தெருவில் போனார். அதுவே ஒரு கலகமாக இருந்தது. 1901-இல் சிறுவன் அம்பேத்கர் மசூர் ஸ்டேஷனில் இறங்கிக் கோரேகாவுக்கு மாட்டுவண்டி கேட்டபோது, வண்டிக்காரன் ஓட்ட மறுத்தான். இரட்டை வாடகை வாங்கிக்கொண்டு பிள்ளைகளையே ஓட்டச் சொல்லிவிட்டு அவன் கூடவே நடந்து வந்தான். 1929-இல் அவர் படித்துப் பட்டம் வாங்கி பாரிஸ்டர் ஆன பிறகும், சாலிஸ்கான் என்ற ஊரில் எந்த டோங்காக்காரனும் அவரை ஏற்றி ஓட்டத் தயாராக இல்லை. ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். டோங்கா கவிழ்ந்து அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது. நம் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் வத்தலக்குண்டை ஒட்டிய பட்டிவீரன்பட்டிக்காரர். அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த நாட்களில், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். டிக்கெட் வாங்கக் காசு வைத்திருந்தாலும் பஸ்ஸில் ஏற ஒரு உத்தரவு தேவைப்பட்டது என்பதைப் பாடப்புத்தகத்தில் நான் படித்ததில்லை. எம்.ஏ. தமிழில் தேரும் வையமும் வரும் பாட்டுகளையெல்லாம் உருப்போட்டேன். தேரை யார் தள்ளினார்கள் என்று எந்த வாத்தியாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலை நடந்த நாட்களில் பேரன் வரும்போதெல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னார். "எல்லாம் பழையபடியே இருக்கணும்." கார்ப்பெட் நிறம் பழையபடி. போல்ட்டின் தலை பழையபடி. அவர் மனசில் கெடுதல் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் எங்கள் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. பழையபடி என்றால் மெத்தையை எடுத்துப் பின்னால் போட வேண்டும். பழையபடி என்றால் சித்தப்பா உளியைத் தொடக் கூடாது. பழசைப் பார்த்து ஏங்குவதற்குக்கூட ஒரு வசதி வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பழசில் திரும்பிப் போக ஒரு வருஷம்கூடக் கிடையாது. அவர் அழுகிய பலகைகளையும் விடவில்லை. ஒரிஜினல் என்று சாக்கில் கட்டி எடுத்துப் போய்விட்டார். தாத்தா உட்கார்ந்த பலகை அவர்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. தாத்தாவின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

சித்திரையில் வேலை முடிந்தது. எஞ்சினும் ஓட ஆரம்பித்துவிட்டது. காரை எடுத்துப் போகப் பேரன் வந்தார். சாவியைப் போட்டதும் சித்தப்பா பக்கத்தில் போய் நின்றார்.

"ஒரு ரவுண்டு போகணும் சார். பலகை சத்தம் போடுதான்னு ஒக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

பேரன் ஒரு நிமிஷம் சீட்டைப் பார்த்தார். புதுத் தோல் தைத்த மெத்தை. சித்தப்பாவின் லுங்கியைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நினைத்தாரோ, நான் அறியேன். "சரி, ஏறுங்க" என்றார். முதல் தடவையாக 'ங்க' போட்டார். சித்தப்பா கதவைத் திறந்து, மெத்தையில் உட்கார்ந்து, புதுப் பலகையில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார். செம்பட்டி வரை போய்த் திரும்பினார்கள்.

"என்ன சித்தப்பா?"

"ஒரு கீச்சுச் சத்தம் இல்லடா."

ராத்திரி அப்பத்தா கேட்டது ஒரே கேள்வி. "எதுல ஒக்காந்து போன?"

"சீட்டுலதாம்மா."

அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டது.

இதை வெற்றி என்று எழுதத் தோழர்கள் யாரும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு ஆள் ஒரு நாள் மெத்தையில் உட்கார்ந்ததால் ஊர் மாறிவிடாது. சித்தப்பா சத்தம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஏறினார், வேலை அதைக் கேட்டது. வேலையைக் காரணம் காட்டித்தான் தாத்தாவையும் ஏற்றினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த மெத்தை மட்டும்தான். அதற்கு அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

கண்காட்சியில் கார் நிற்கும்போது முன்னால் ஒரு அட்டை வைப்பார்களாம். மாடல், வருஷம், உரிமையாளர் பேர் எல்லாம் அதில் இருக்கும். தரை போட்டவர் பேர் இருக்காது. அதனால்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துச் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். எம் பேர மட்டும் போடாத. அடுத்த வேலை வரணும்ல" என்றார்.

போடவில்லை.